சணல் பூத்த துண்டு

கலப்பை நாலடி போகவில்லை. இரண்டு மாடுகளும் நின்ற இடத்திலேயே தலையைக் குனிந்து சணலைத் தின்னத் தொடங்கிவிட்டன. சிற்றம்பலம் அதட்டினான், வாலை முறுக்கினான். பந்தியில் உட்கார்ந்த சம்பந்திகளைப் போல அவை அசையவேயில்லை.

வரப்பில் நின்ற அவன் மனைவி ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாடுகளைக் குறை சொல்லி என்ன! யாழ்ப்பாணத்துப் புலோலியில் அவை கன்றாக இருந்த நாள் முதல் சணல் பிடுங்கிப் போட்டு வளர்த்தவளே அவள்தான்.

வன்னியில், இந்த அக்கராயனில் காணி கிடைத்து வந்து மூன்று வருடம். வாய்க்காலோரத்து இந்த ஒரு ஏக்கர் மட்டும் ஒவ்வொரு போகமும் பதராகவே போனது. "இந்த முறையும் இப்பிடியெண்டால் புலோலிக்கே திரும்பிப் போவம்" என்று சிற்றம்பலம் சொல்லிவிட்டான். வந்த நாளில் கொண்டுவந்த தகரப் பெட்டியை அவன் இன்னும் காலியாக்கவில்லை. வேட்டி வேண்டுமென்றாலும் அதிலிருந்து எடுத்து, பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொள்வான். அவளுக்கோ இந்த இடம் பிடித்துப்போயிருந்தது. துலா மிதிக்காமல், குளத்துத் தண்ணீர் தானாக வயலுக்கு ஓடிவருவதை அவள் இன்னமும் அதிசயமாகத்தான் பார்த்தாள்.

சைக்கிளில் வந்த விவசாய உத்தியோகத்தர், "சணலை மாட்டுக்குப் போடாதேங்கோ. பூக்கிற நேரம் மண்ணோடை புதையுங்கோ, நெல்லுக்குப் பசளை" என்று சொல்லிப் போனார். அவள் பிடிவாதமாக இந்தத் துண்டு முழுக்கச் சணல் விதைக்க வைத்தாள். "சாக்குக் கடை போடப் போறியளோ?" என்று ஊரே கேட்டது. இப்போது பூத்தும்விட்டது, முதல் மழையும் விழுந்துவிட்டது. இன்னும் ஒரு கிழமை போனால் தண்டு முற்றிவிடும், மண்ணில் உக்கி உரமாகாது.

பக்கத்துக் காணி ஐயாத்துரை வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். அவர் வன்னியிலேயே பிறந்தவர், எருமைக்காரர். "தங்கச்சி, உழவுக்கு வந்த மாடோ, விருந்துக்கு வந்த மாடோ?"

அவளுக்குச் சட்டென்று ஒன்று பட்டது. "சிரிக்காதேங்கோ அண்ணை. நீங்கள் எருமை விட்டுத்தானே வயல் மிதிப்பிக்கிறனீங்கள்? அதுகளைத் தாங்கோவன்."

"எருமை மட்டும் தின்னாதோ?"

"வயிறு முட்ட மேய்ச்சுக்கொண்டு வாங்கோ."

சிற்றம்பலம் முகம் சுளித்தான். "பூத்த பயிரை மிதிப்பிக்கிறதோ? பாவமெல்லோ?"

"பாவமெண்டால் அது என்ரை தலையிலை கிடக்கட்டும்."

மறுநாள் காலை பதினான்கு எருமைகள் இறங்கின. தண்ணீர் கட்டிய வயலில் அவை சுற்றிச் சுற்றி வர, மஞ்சள் பூ சேற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இறங்கி மிதித்தார்கள். ஜெகதீஸ்வரி சேலையைச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்று மிதித்தாள். அப்படியொரு சந்தோசம் அவளுக்குக் கலியாணத்தன்றுகூட வந்ததில்லை.

மேட்டு மூலைக்கு எருமைகள் திரும்பியபோது மட்டும் சிற்றம்பலம் குறுக்கே நின்று கையை விரித்தான். "இந்த மூலை கிடக்கட்டும்." மனம் வரவில்லையாக்கும் என்று நினைத்து அவள் விட்டுவிட்டாள்.

மாசியில் அந்த ஒரு ஏக்கர் நெல்தான் எல்லாவற்றையும்விடத் தலைசாய்ந்து நின்றது. கதிரைக் கையில் ஏந்திப் பார்த்த ஐயாத்துரை, "வாற வருசம் எனக்கும் கொஞ்சச் சணல் விதை தா தங்கச்சி" என்றார்.

அன்று மத்தியானம் சிற்றம்பலம் ஒரு காய்ந்த சணல் நெற்றை அவள் காதருகே ஆட்டினான். கிலுகிலுத்தது. மேட்டு மூலையில் விளைந்ததையெல்லாம் அடித்துப் புடைத்துச் சுளகில் வைத்திருந்தான்.

"சாக்கிலை போட்டால் எலி விடாது. எதுக்குள்ளை வைப்பம்?"

கேட்டுவிட்டு அவனே இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தான். தகரப் பெட்டிக்குள் இருந்த வேட்டி, சால்வை, பட்டுச்சேலை எல்லாவற்றையும் அள்ளிக் கொடியில் போட்டான். "ம், கொட்டு" என்றான்.

ஜெகதீஸ்வரி சுளகைச் சரித்தாள். வெறும் தகரத்தில் விதை மழையாய்ச் சடசடத்தது.