கடைசிப் பக்கத்து முகவரி

எங்கள் நாட்டின் பெயரை இணையத்தில் காப்பாற்றுவது என் வேலை. கேட்பதற்குப் பெரிதாகத்தான் இருக்கும். மூன்றாவது மாடியில், கழிவறையை ஒட்டிய அறையில் இரண்டு மேசை. ஒன்று எனக்கு, இன்னொன்று எங்கள் பிரிவு அதிகாரிக்கு.

காப்பாற்ற வேண்டிய பெயரைத் தொலைத்ததே நாங்கள்தான். அமைச்சகம் புது இணையதளம் தொடங்கியது. "அதான் புதுசு வந்தாச்சே, பழைய முகவரிய எதுக்குய்யா கட்டிக்கிட்டு அழணும்?" என்றார் அதிகாரி. நாட்டின் பெயரையே கொண்ட அந்த முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டோம். கெடு முடிந்த கையோடு எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் அதைத் தன் பெயரில் பதிந்துகொண்டான். எங்கள் பாஸ்போர்ட் ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் 'உதவிக்கு அணுகவும்' என்று அச்சடித்திருப்பது அந்தப் பழைய முகவரிதான் என்பது அப்போது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அவன் கெட்டிக்காரன். எங்கள் கொடி, முத்திரை, அமைச்சர் சிரிக்கும் படம் எல்லாவற்றையும் போட்டுக் கடை விரித்துவிட்டான். பாஸ்போர்ட் புதுப்பிக்க வருபவர்களிடம் அசலையே தபாலில் வாங்கிக்கொள்வான். அது யார் யார் கைக்கோ போகும். அனுப்பியவன் போன இடத்தில் அநாதையாக நிற்பான்.

முகவரித் தகராறுகளைத் தீர்க்கும் சர்வதேச நடுவர்களிடம் புகார் கொடுத்தோம். பதிவு செய்த வணிகப் பெயர் என்றால் பேசலாம், நாட்டின் பெயர் அந்தக் கணக்கில் வராது, ஆகவே புகார் செல்லாது என்று பதில் வந்தது. பிஸ்கட் கம்பெனிக்காரன் தன் பிஸ்கட்டின் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஒரு நாட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதிகாரியின் பக்கம் திரும்பினேன்.

"அவன் ஊர் கோர்ட்டுலயே கேஸ் போடலாமே சார்?"

"சட்டப் பிரிவு ஒத்துக்காது. ஒரு நாடு போய் இன்னொரு நாட்டுக் கோர்ட்டுல கைகட்டி நிக்கறதா? கௌரவம் என்னாகறது?"

"பேரே போயிடுச்சு. இன்னும் என்ன சார் கௌரவம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஓர் எச்சரிக்கை வெளியிட்டோம், புது இணையதளத்தில். பழைய முகவரி மட்டுமே தெரிந்தவன் அதை எப்படிப் பார்ப்பான் என்று கேட்டேன். அதற்கும் கண்ணாடியைத்தான் துடைத்தார். தூதரகங்களுக்கு நான் எழுதிய சுற்றறிக்கை மேலிடத்தின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி போனைத் தோளில் இடுக்கியபடி வந்தாள்.

"தம்பி பேசுறான். பாஸ்போர்ட் முடியப் போகுதாம். உங்க ஆபீஸ்ல ரொம்ப நல்லா கவனிக்கிறாங்களாம்."

எங்கள் ஆபீஸை இதுவரை யாரும் புகழ்ந்ததில்லை. போனைப் பிடுங்கினேன். என் மைத்துனன் வெளிநாட்டில் கப்பல் பட்டறையில் வெல்டர்.

"மாப்ள, எங்க எழுதினே?"

"பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துல இருக்கே, அந்த அட்ரஸ்தான் அத்தான்."

"அசல அனுப்பிட்டியா?"

"நாளைக்குக் காலைல அனுப்பறேன்."

"அனுப்பாதடா! அவன் திருட்டுப் பய."

"நம்ம நாட்டுப் பேரு போட்டிருக்கே?"

"பேருதான் நம்மது. நீ நேரா தூதரகத்துக்குப் போ."

"போகாமலா இருப்பேன்? லீவு போட்டுட்டுப் போய் நின்னேன். வாசல்ல இருக்கிறவரு, எல்லாம் ஆன்லைன்தான், கடைசிப் பக்கத்தப் பாருன்னு துரத்திட்டாரு. லெட்டர் குடுத்தேன், பதிலே இல்ல. இவங்க, நான் எழுதின அன்னிக்கே பதில் போட்டாங்க அத்தான். உடம்ப பாத்துக்கோங்கன்னு எல்லாம் எழுதியிருந்தாங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பாஸ்போர்ட் முடிஞ்சா பட்டறைக்குள்ள விட மாட்டாங்க. நீங்க புதுசு வாங்கித் தந்துடுவீங்களா அத்தான்?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதிகாரியின் கண்ணாடி ஞாபகத்துக்கு வந்தது. "முயற்சி பண்றேன் மாப்ள" என்றேன்.

"சரி அத்தான்" என்றான் மரியாதையாக. அந்தக் குரலைக் கேட்டபோதே, அவன் அனுப்பிவிடுவான் என்று தெரிந்துவிட்டது.

அனுப்பினான். அசல் பத்திரமாகக் கிடைத்தது என்று எங்கள் நாட்டின் பெயரில் அவனுக்கு நன்றி சொல்லி மெயில் வந்ததாம். அதன் பிறகு அவன் எத்தனையோ முறை எழுதிவிட்டான். இப்போது அவர்களும் பதில் போடுவதில்லை.