டீச்சரம்மாவின் எல் போர்டு

டிரைவிங் ஸ்கூல் டீச்சரம்மா இருபது வருஷ வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டுச் சொந்தமாகக் கார் வாங்கினாள். முதல் நாளே பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்து உயிரை வாங்கினான்.

மறுநாள் காரின் முன்னும் பின்னும் எல் போர்டை ஒட்டினாள்.

"ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுத்துட்டு உனக்கு எதுக்கும்மா இது?" மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பேசாம ஏறுடி."

அன்றைக்குப் பஸ்காரன்கூடப் பத்தடி தள்ளியே வந்தான். மார்க்கெட் வாட்ச்மேன் ஓடிவந்து, "பயப்படாதீங்கம்மா, மெதுவா ஸ்டியரிங்கை ஒடிங்க" என்று கைகாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தக்கூடியவள், அவர் மனசு நோகக் கூடாதென்று மூன்று தடவை முன்னும் பின்னும் போய் நிறுத்தினாள்.

"பரவால்ல, தேறிட்டீங்க."

எத்தனையோ பேருக்கு அவள் சொன்ன வார்த்தை அது. அவளிடம் யாரும் சொன்னதில்லை. உச்சி குளிர்ந்துபோயிற்று. வீட்டில் காய்கறி நிறைய இருந்தும், மறுநாளும் மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள்.