சத்தம் தூரமாகும்போது

மொட்டைமாடியில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று இனாயா பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அண்ணனுக்குப் பதினாறு வயசுல முதல் தடவையா வலிப்பு வந்தது. கடைத் தரையில விழுந்து துடிச்சுக்கிட்டு இருந்தாரு. கண்ணு மேல சொருகிடுச்சு, வாயோரம் நுரை. சுத்தி நின்ன யாருக்கும் என்ன செய்யறதுன்னு தெரியல. அன்னைக்கு முடிவு பண்ணேன், டாக்டராகணும்னு." கடைசி வரியில் குரலை எங்கே தாழ்த்துவது என்று இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது நன்றாக வந்தது. திருப்தியோடு திரும்பியபோது படிக்கட்டுக் கதவருகே அண்ணன் அய்மன் நின்றிருந்தான். கையில் அம்மா கொடுத்தனுப்பிய டீ.

கோவளத்தில் அவள் படித்த அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் படிக்கப் போகிற முதல் பெண் இனாயாதான். செங்கல்பட்டில் இடம் கிடைத்த செய்தி வந்ததிலிருந்து அத்தாவின் துணிக்கடைக்கு வருகிறவர்கள் துணி எடுக்காமலே சந்தோஷமாகப் பேசிவிட்டுப் போனார்கள். நாளைக்குப் பள்ளியில் பாராட்டு விழா. ஏன் டாக்டராக ஆசைப்பட்டாள் என்று பிள்ளைகளிடம் அவளே சொல்ல வேண்டும் என்பது தலைமையாசிரியை சகுந்தலாவின் உத்தரவு.

"நல்லாத்தான் கீது," என்றான் அய்மன். டீயைக் கைப்பிடிச் சுவரில் வைத்தான். "நான் இல்லாம பேச முடியாதா?"

"ஏன்? நடந்ததுதானே சொல்றேன்."

"நடந்ததுதான். ஆனா ஸ்கூல்ல லைவ் போடறாங்களாம். புதுப்பட்டினத்துலயும் பாப்பாங்க."

புதுப்பட்டினத்தில் ஜுவைரியா இருந்தாள். போன மாதம்தான் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் தெரிந்தே அவனும் அவளும் நம்பர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாத்திரையில் எல்லாம் அடங்கித்தானே இருக்கிறது, நிக்காஹ் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அம்மா உம்மு சல்மாவின் முடிவு. இனாயாவுக்கு அதில் உடன்பாடில்லை. சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்திருந்தாள்.

"அப்ப நீயும் அம்மா மாதிரி மறைக்கப் போறியா?"

"மறைக்கறேன்னு யாரு சொன்னா? நான்தான் சொல்லணும். உன் மைக்குல அவ கேக்கக் கூடாது." அவன் ஒரு சட்டையின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தான். "இப்பல்லாம் பஜார்ல என்னைப் பாத்தா செல்போன் டிஸ்ப்ளே மாத்தற அய்மன்னு சொல்றாங்க. முன்னாடி இன்னா சொல்லுவாங்கன்னு உனக்கே தெரியும்."

"எனக்கும் அதுல பங்கு இல்லையாண்ணா? பக்கத்துல நின்னது நான்தானே. அத எடுத்துட்டா பேசறதுக்கு எங்கிட்ட இன்னா கீது?"

அவன் இறங்கிப் போனான். டீ ஆறி ஆடை கட்டியது. தான் கேட்டது நியாயம் என்றே அவளுக்குத் தோன்றியது. நியாயமாக இருந்தும் ஏன் அப்படி வெட்கமாக இருந்தது என்றுதான் புரியவில்லை.

மறுநாள் ஸ்கூட்டியை அவள் ஓட்ட, அய்மன் பின்னால் உட்கார்ந்து வந்தான். எப்போதும் அப்படித்தான். வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு அவன் ஹேண்டில்பாரைத் தொட்டதில்லை. தங்கச்சி பின்னால் உட்கார்ந்து போகிறான் என்று பையன்கள் கிண்டல் செய்தபோதுகூட, "எனக்கு டிரைவர் கீது, உனக்கு கீதா?" என்பான். இன்று வழியெல்லாம் போனையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஷாமியானாவின் கீழ் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சகுந்தலா அவளைப் பற்றிச் சொன்னதில் பாதி இனாயாவுக்கே புதிதாக இருந்தது. மைக் கைக்கு வந்தது. "எங்க வீட்டுல..." என்று ஆரம்பித்தாள். ஆசிரியைகள் முகத்தில் அதற்குள்ளாகவே ஒரு இரக்கம் தயாராவது தெரிந்தது. இதோ, அடுத்த வரி சொன்னால் போதும், கண் கலங்கிவிடுவார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி நிழலில், அய்மன் அவளைப் பார்க்காமல் போனை வாயருகே பிடித்து ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அவனைப் பேச்சின் நடுவில் கொண்டுவந்து கிடத்த அவளால் முடியவில்லை.

"எங்க வீட்டுல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க," என்றாள். மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினாள். "உடம்புல ஒண்ணு ஏன் ஆரம்பிக்குது, அதுவாவே ஏன் நிக்குதுன்னு சின்ன வயசுலேருந்து எனக்குத் தெரிஞ்சுக்கணும். இன்னும் தெரியல. அதான் போறேன்."

முன்வரிசைப் பெண் ஒருத்தி, அவ்வளவுதானா என்பதுபோலப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். கைதட்டல் கொஞ்ச நேரம் கழித்தே வந்தது. சகுந்தலா மைக்கை வாங்கி, "ரொம்ப அடக்கமான பொண்ணு," என்று முடித்துவைத்தார்.

திரும்பும்போது அய்மன் அவள் தோளைத் தட்டிக் கடற்கரைப் பக்கம் போகச் சொன்னான். கரையேறிய படகுகளின் ஓரம் வண்டியை நிறுத்தினாள். வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தார்கள்.

"சொல்லிட்டேன்," என்றான்.

"யாருகிட்ட?"

"ஜுவைரியாகிட்ட. வாய்ஸ் மெசேஜ். நீ மேடையில நிக்கறப்ப. நீ சொல்லிடப் போறன்னு நெனச்சு அவசரமாப் பேசிட்டேன்." போனைக் காட்டினான். கேட்டுவிட்டாள் என்பதற்கு நீல டிக் விழுந்திருந்தது. பதில் இல்லை. "எதுனா தப்பா பேசிட்டனான்னு கேளேன்."

அவன் குரல் போனிலிருந்து வந்தது. பின்னால், தொலைவில், முதலில் சகுந்தலாவின் மைக் சத்தமும் பிறகு அவளுடையதும் இருந்தன.

"அஸ்ஸலாமு அலைக்கும். அய்மன் பேசறேன். எனக்கு வலிப்பு கீது. மாத்திரை சாப்படறேன், வந்து ரொம்ப நாளாச்சு. ஆனா இனிமே வராதுன்னு என்னால சொல்ல முடியாது. வர்றதுக்கு முன்னாடி சத்தமெல்லாம் தூரமாப் போவும். தண்ணிக்குள்ள முங்கினா வெளிய பேசறது கேக்கும் பாருங்க, அந்த மாதிரி. அப்ப பயமா இருக்காது. சொல்லப்போனா நிம்மதியா இருக்கும். அப்பால ஒண்ணும் தெரியாது. முழிச்சுப் பாக்கறப்பதான் பேஜாரு. சுத்தி எல்லார் மூஞ்சியும் வெளுத்துப் போயிருக்கும், அதைப் பாத்துதான் எனக்கு பயமே. என் தங்கச்சி ஒருத்தி மட்டும் எத்தினி நிமிஷம்னு செவுத்துக் கடியாரத்தப் பாத்துகினு நிப்பா. அவளப் பாத்தா, சரி, ஒண்ணும் ஆவலன்னு தோணும். உங்களுக்கு சரின்னா சரி. இல்லன்னாலும் எனக்கு வருத்தம் இல்ல. வருத்தம் இருக்கும், ஆனா கோவம் இல்ல. வெச்சிடறேன்."

இனாயா அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டாள். அவன் மாத்திரைகளின் பெயர் அவளுக்குத் தெரியும். எந்த வேளைக்கு எது என்று தெரியும். விழுந்தால் எந்தப் பக்கம் ஒருக்களிக்க வேண்டும் என்று தூக்கத்திலும் சொல்வாள். எட்டு வருஷமாக அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்த படத்தில் அவன் துடித்துக்கொண்டே இருந்தான். அந்த நேரத்தில் அவன் நிம்மதியாக இருந்திருக்கலாம் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கேட்டதும் இல்லை.

"தப்பா இருக்கா?" என்றான்.

"இல்ல. ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"சத்தம் தூரமாப் போவும்னு சொன்னியே. எல்லாம் ஒண்ணாப் போவுமா? இல்ல, ஏதாவது ஒண்ணு முன்னாடி போயிட்டு அப்புறம் மத்ததா?"

அய்மன் அவளை வியப்பாகப் பார்த்தான். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் படகின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"இரு, நெனச்சுப் பாக்கறேன்," என்றான்.

கண்களை மூடித் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். அலை வந்து உடைந்தது. யாரோ ஏலத்துக்குக் கூவினார்கள். மேலே சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி போயிற்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்பவன்போல அவன் நெற்றி சுருங்கியது. இனாயா மணலில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து காத்திருந்தாள்.