பானெட்டில் கை வைத்து ஒரு போட்டோ

எங்க வாஞ்சி அண்ணாவுக்குக் காமிரா வந்தது எண்பத்தொண்ணுல. மன்னியோட தம்பி மஸ்கட்லேந்து லீவுல வந்தப்போ எனக்கு ஒரு செண்ட் குப்பியும் அண்ணாவுக்கு ஒரு ஜப்பான் காமிராவும் கொண்டு வந்தான். செண்ட் ஓணத்துக்குள்ள தீர்ந்து போச்சு. காமிரா எங்க உசிரை வாங்க ஆரம்பிச்சுது.

அதுக்கு முன்னாடி அண்ணாவுக்கு எந்தப் பைத்தியமும் கிடையாது. கொச்சி ஜூ டவுன்ல ஒரு குஜராத்தி சேட்டோட மிளகுக் கம்பெனியில கணக்கு எழுதிண்டிருந்தான். சாயந்தரம் ஆத்துக்கு வந்தா பேப்பர் வாசிப்பான், என்னையும் மன்னியையும் குத்தம் சொல்லுவான், சாப்பிட்டுட்டுத் தூங்குவான். குடும்பஸ்தன்னா அப்படித்தான் இருப்பான்னு நாங்களும் இருந்தோம். காமிரா கழுத்துல ஏறின அன்னிலேந்து ஆளே மாறிப் போயிட்டான். கறிகா வாங்கப் போறச்சேயும் அது தொங்கும். தோல் உறையோட பட்டனைக் கழட்டறதுக்குன்னே ஒரு முகம் வெச்சிருந்தான். அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பான்னு சொல்லுவா. எங்காத்து அற்பன் நட்டநடு மத்தியானத்துல ஆகாசத்தைப் பாத்து, லைட் போறலைன்னு முறைப்பான்.

ஞாயித்துக்கிழமை ஆனா எல்லாரும் கிளம்பியாகணும். ஃபோர்ட் கொச்சியில மீன் பிடிக்கற சீனவலையை வலது பக்கத்துலேந்து எடுப்பான், இடது பக்கத்துலேந்து எடுப்பான். ஒரு நாள் மண்ணுல மல்லாக்கப் படுத்துண்டு எடுத்தான். யாரோ மயங்கி விழுந்துட்டார் போல இருக்குன்னு மீன்காரா பயந்து போய் தண்ணி கொண்டு வந்தா. படகு ஜெட்டியில நின்னுண்டு வெலிங்டன் தீவுல நிக்கற கப்பலையெல்லாம் எடுப்பான். நான் அந்தத் தீவுல ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸ்லதான் டைப் அடிக்கறேன். தினம் படகுல போயிட்டு வரவளுக்குக் கப்பலைப் பாத்தா கொட்டாவிதான் வரும்.

மன்னி ஒரு தடவை, என்னை ஒண்ணு எடுங்கோளேன்னு வெக்கப்பட்டுண்டே கேட்டா. பிலிம் என்ன மரத்துலயா காய்க்கறதுன்னான். மனுஷா எங்கே ஓடிப் போகப் போறா, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாமாம். வலையும்தான் எங்கேயும் ஓடிப் போகலைன்னு நான் சொன்னேன். எனக்கு ரசனையே கிடையாதுன்னு தீர்ப்பாச்சு. சீதாலக்ஷ்மின்னு லக்ஷணமா பேர் வெச்ச எங்க மன்னி பேசாம போய் அடுக்களையில தேங்காய் துருவ ஆரம்பிச்சுட்டா.

அப்புறம் கார் வந்து சேர்ந்துது. சேட்டோட வெள்ளை அம்பாஸடர். சேட்டு ஞாயித்துக்கிழமைகள்ல ஆத்தை விட்டு நகர மாட்டார். பெட்ரோலை நீ போட்டுக்கோ, வண்டியை வேணும்னா கொண்டு போன்னு நல்ல மனசா இருந்த ஒரு நாள் அண்ணாகிட்ட சொல்லிட்டார். ஓட்டறதுக்கு அவரோட டிரைவர் ராக்கப்பன். பள்ளுருத்தியில இருக்கறவர், அவரும் நம்மளாட்டம் தமிழ்க்காரர்தான். அண்ணாவுக்குத் தலைகால் புரியலை. ஆலுவா, மலம்புழை, திருச்சூர்னு வாரம் தவறாம கிளம்பினோம். நானும் மன்னியும் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிண்டு பின் சீட்டுல உக்காந்துண்டிருப்போம். எங்கே இலையை விரிச்சாலும், இருங்கோ, இப்பதான் லைட் நன்னா வந்திருக்குன்னுடுவான். தயிர்சாதத்துல எறும்பு ஏறினப்பறம்தான் எங்களுக்குச் சாப்பாடு.

அவன் எடுத்ததெல்லாம் என்னன்னு நெனைக்கறேள்? காரையாக்கும். அணைக்கட்டுக்கு முன்னால கார், ஆத்தங்கரையில கார், கோயில் ஆனைக்குப் பக்கத்துல கார். ஒவ்வொரு தடவையும் ராக்கப்பன் இறங்கி ஒளிஞ்சுக்கணும். டிரைவர் தெரிஞ்சா வாடகை வண்டின்னு தோணிடுமாம். குருவாயூர்ல காமிராவை உள்ளே விட மாட்டா. வெளியில கொடுத்துட்டுப் போக அவனுக்கு மனசு வரலை. எங்களை உள்ளே அனுப்பிட்டு வாசல்லயே நின்னுட்டான். அவ்வளவு தூரம் போயும் குருவாயூரப்பனைத் தொழாம அம்பாஸடரை மட்டும் எடுத்துண்டு வந்த பக்தன் எங்க அண்ணா ஒருத்தன்தான்.

இதெல்லாம் சிரிச்சுண்டே சொல்லிடறேன். சிரிக்க முடியாதது என் கல்யாண விஷயம்.

எனக்கு அப்போ இருபத்தொம்பது வயசு. அப்பா அம்மா ரெண்டு பேரும் போயாச்சு, எனக்குன்னு இருந்தது அண்ணாதான். என் ஜாதகம் மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் போறதும் திரும்பி வரதுமா இருந்துது. என்னைக் காட்டிலும் அது ஜாஸ்தி ஊர் பாத்துது. தை பொறந்ததும் பம்பாய்லேந்து ஒண்ணு பொருந்தித்து. பூர்வீகம் பாலக்காடு, செம்பூர்ல ஜாகை, பையனுக்கு பாங்க்ல வேலை, பேர் அனந்தநாராயணன். அவா முதல்ல பையனோட போட்டோவை அனுப்பினா. அவன் சிரிச்சுண்டிருந்தான். பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிண்டிருந்துது, அதை மறைக்கணும்னு கூட அவனுக்குத் தோணலை. வரன் போட்டோவுல சிரிக்கற ஆம்பிளையை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லை. எனக்கு அவனைப் பிடிச்சுப் போச்சு. சொல்றதுக்கு என்ன வெக்கம்? ஆபீஸ் டிராயர்ல வெச்சுண்டு டைப் அடிக்கறதுக்கு நடுவுல எடுத்து எடுத்துப் பாப்பேன். இது மட்டும் முடிஞ்சுடட்டும்னு வேண்டாத தெய்வம் இல்லை.

இனி என் போட்டோ போகணும். ஸ்டுடியோவுக்கு ஒரு நடை போயிட்டு வரட்டும்னு மன்னி சொன்னா. அண்ணாவுக்கு வந்துதே தேஷ்யம்! ஆத்துல ஜப்பான் காமிராவை வெச்சுண்டு, எவனோ தாஜ்மகால் படுதாவைத் தொங்கவிட்டு ஸ்டூல்ல உக்காத்தி வெச்சு எடுக்கணுமான்னு குதிச்சான். பம்பாய்க்காரா அசந்து போறாப்பல நானே எடுக்கறேன் பாருன்னான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அதிரப்பள்ளி அருவிக்குப் போற வழியில ஒரு வளைவுல காரை நிறுத்தச் சொன்னான். உச்சி வெயில். ராக்கப்பன் காரைத் துடைச்சார், அண்ணா தன்னோட கைக்குட்டையால இன்னொரு தடவை துடைச்சான். என் முகத்துல வழிஞ்ச வேர்வையைத் துடைச்சுக்கோன்னு யாரும் சொல்லலை. பானெட்டுல கையை வெச்சுண்டு நில்லுன்னான். வெச்சேன். தோசைக்கல்லாட்டம் கொதிச்சுது. கையை எடுத்தா, எடுக்காதே, பிலிம்ல கடைசி ஒண்ணுதான் பாக்கின்னு கத்தறான். நான் பல்லைக் கடிச்சுண்டு நின்னேன். ராக்கப்பன் பாவம், டயருக்கு அந்தப் பக்கம் குந்திண்டிருந்தார்.

எர்ணாகுளத்துல கழுவி எடுத்துண்டு வந்தான். கலர் போட்டோ. ஹெட்லைட்லேந்து பின்பக்கம் வரைக்கும் காரு முழுசா விழுந்திருந்துது, பானெட்டுல சூரியன் மின்னிண்டிருந்துது. ஓரத்துல நான், காரை விக்க வந்தவளாட்டம். டயருக்கு அந்தப் பக்கம் காக்கி நிஜார் போட்ட ஒரு முழங்காலும் தெரிஞ்சுது. இதை அனுப்பாதேன்னு கெஞ்சினேன். உன் ஜன்மத்துல நீ இவ்வளவு நன்னா விழுந்ததில்லைன்னான். மன்னி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, கை நன்னா விழுந்திருக்குன்னா. போட்டோ பம்பாய்க்குப் போச்சு.

பத்து நாள் ஆகலை, பதில் வந்துடுத்து. எல்லாருக்கும் ரொம்பத் திருப்தி, வர ஞாயித்துக்கிழமை அப்பாவும் பிள்ளையுமா பெண் பாக்க வராளாம். இதுக்கு முன்னாடி போட்டோ பாத்தவா எல்லாம் மாசக் கணக்குல யோசிச்சு, கடைசியில யோசனையிலேயே தங்கிட்டவா. இவாளுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் பிடிச்சுதுன்னு எனக்குத் தோணியிருக்கணும். தோணலை. பல்லைக் காட்டிச் சிரிக்கறவனுக்கு, பல்லைக் கடிச்சுண்டு நிக்கறவளைப் புரிஞ்சு போச்சாக்கும்னு நெனைச்சுண்டேன். அசத்து நான்.

அந்த ஞாயித்துக்கிழமை வாசல்ல நிறுத்தி வெக்கறதுக்குன்னு அண்ணா சேட்டுகிட்ட காரைக் கேட்டான். சேட்டாத்துல எல்லாரும் ஆலப்புழையில ஒரு கல்யாணத்துக்குப் போறா, கிடைக்காதுன்னுட்டார். கார் நம்மது இல்லைன்னு வந்தவுடனே சொல்லிடுங்கோன்னு மன்னி சொன்னா. நம்மதுன்னு நான் எப்ப சொன்னேன், கேட்டா பாத்துக்கலாம்னான். இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்ச கதையா ஆகப் போறதுன்னு எனக்கு அப்பவே தோணித்து.

அவா ஆட்டோவுல வந்து இறங்கினா. பையனோட அப்பா செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி வாசல்ல வலது பக்கமும் இடது பக்கமும் எட்டிப் பாத்தார். உள்ளே வந்து உக்காந்து கேசரியும் பஜ்ஜியும் நன்னாவே சாப்பிட்டார். அண்ணா இந்த வைபவத்தையும் எடுக்கணும்னு காமிராவை டீப்பாய் மேல தயாரா வெச்சிருந்தான். நான் வந்து நமஸ்காரம் பண்ணிட்டு மன்னி பக்கத்துல நின்னேன். அனந்தநாராயணன் போட்டோவுல இருந்தாப்பலதான் இருந்தான். என்னை ஒரு தடவை பாத்தான். அப்புறம் அவன் கண்ணு டீப்பாயை விட்டு நகரலை.

மாமா கையைத் துடைச்சுண்டு, காரைக் காணலையேன்னு கேட்டார். சர்வீஸுக்கு விட்டிருக்குன்னான் அண்ணா. எந்த மாடல்னார். எழுபத்தேழுன்னான், நாக்கு கூசலை. டிரைவருக்கு மாசச் சம்பளமான்னு கேட்டார். ஆமாம்னான். அந்த முழங்காலையும் அவர் கவனிச்சிருக்கார் பாருங்கோ. கல்யாணம் ஆனப்பறம் வண்டியை ரோடு வழியா பம்பாய்க்குக் கொண்டு போறது நல்லதா, ரயில்ல ஏத்தறது நல்லதான்னு ரொம்ப சாவகாசமா அடுத்தது கேட்டார். அண்ணாவோட காது ரெண்டும் சிவந்து போச்சு. அப்பவும் இல்லைன்னு சொல்ல வாய் வரலை, ரயில்னா பத்திரம்தான்னு முணுமுணுக்கறான். எனக்குப் பொறுக்கலை.

"மாமா, அந்தக் கார் எங்களுது இல்லை. அண்ணா கணக்கு எழுதற சேட்டோடது."

மன்னி என் முழங்கையைப் பிடிச்சு இழுத்தா. எல்லாம் முடிஞ்சுதுன்னுதான் நான் நெனைச்சேன். ஆனா மாமா லேசுப்பட்டவர் இல்லை. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு, அதனால என்ன, நாங்க ஒண்ணும் வாயைத் திறந்து கேக்கற குடும்பம் இல்லைன்னார். சொல்லிண்டே பிள்ளையைப் பாத்தார். அதுக்குள்ள அனந்தநாராயணன் காமிராவைக் கையில எடுத்தாச்சு. பொறந்த கொழந்தையை ஏந்தறாப்பல ஏந்திண்டு, வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துண்டிருந்தான்.

"பையனுக்குச் சின்ன வயசுலேந்து போட்டோன்னா உசிர்," மாமா சொன்னார். "மாப்பிள்ளைக்குன்னு பிரியப்பட்டு இந்தக் காமிராவைக் கொடுங்கோ, போறும். சித்திரையிலேயே முகூர்த்தம் வெச்சுடலாம்."

பிள்ளையாண்டான், வேண்டாம்பான்னு ஒரு வார்த்தை சொல்லலை. சிரிச்சான். அதே பல்லு. அந்தச் சிரிப்பையா நான் டிராயர்ல வெச்சுண்டு பாத்தேன்னு எனக்கே என் மேல அருவருப்பா இருந்துது. இருந்தாலும் நான் அண்ணாவைத்தான் பாத்தேன். என் வாழ்க்கை அவனோட ஒரு வார்த்தையில நிக்கறது, அவனுக்கும் அது தெரியும். அவன் காமிராவைப் பாத்தான், என்னைப் பாத்தான், மறுபடியும் காமிராவைப் பாத்தான்.

"அது என்னோடது இல்லை," அண்ணா சொன்னான். "ஆபீஸ்ல ஒருத்தரோடது. நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும்."

கார் எங்களுது இல்லைன்னு சொல்ல நாக்கு எழும்பாதவனுக்கு இது எவ்வளவு சுலபமா வந்துது! பொய்யுன்னு நான் சொல்லியிருக்கலாம். ஒரு உண்மையைப் போட்டு உடைச்சவளுக்கு இன்னொண்ணு பெரிய காரியமா? ஆனா இதைச் சொன்னா, உன் காமிராவைக் கொடுத்து எனக்கு ஒரு புருஷனை வாங்கித் தான்னு நானே கை நீட்டினாப்பல ஆகிடும். வாயை மூடிண்டு நின்னேன். காமிராவுக்கு ஆசைப்பட்டு வரவனை எனக்கும் வேண்டாம்தான். அதை நான் அங்கேயே சொல்லியிருப்பேன். ஆனா அதுக்கு முன்னாடி அண்ணா, எடுத்துக்கோங்கோ, என் தங்கையை விட இது பெரிசில்லைன்னு சொல்லியிருக்கணும். அந்த ஒரு வார்த்தையைக் காதால கேட்டிருந்தா, ஜன்மம் முழுக்க கல்யாணமே ஆகாம இருந்திருந்தாலும் எனக்குக் குறையில்லை.

அனந்தநாராயணன் காமிராவை மெதுவா டீப்பாய் மேல வெச்சான். பம்பாய் போய் எழுதறோம்னு மாமா சொல்லிட்டு எழுந்துண்டார். அப்படிச் சொன்னவா யாரும் எழுதினதில்லை, எங்களுக்குப் பழக்கம்தான். அண்ணா வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்தான். வந்தவன் முதல் காரியமா காமிராவை எடுத்து, அதுல பதிஞ்சிருந்த விரல் அடையாளத்தையெல்லாம் வேஷ்டித் தலைப்பால அழுத்தித் துடைச்சான். மன்னி எச்சில் தட்டுகளை எடுத்துண்டு அவன் முகத்தையே பாக்காம உள்ளே போனா.

துடைச்சு முடிச்சுட்டு வாசல் பக்கம் பாத்தான். வெயில் சாஞ்சு மஞ்சளா விழுந்துண்டிருந்துது. அவனுக்கு மூஞ்சி மலர்ந்து போச்சு.

"பட்டுப்புடவையை மாத்திடாதே," அண்ணா சொன்னான். "நல்ல லைட் இருக்கு, வாசல்ல வந்து நில்லு. ஒண்ணு எடுத்து வெச்சுண்டா அடுத்த வரனுக்கு ஆகும்."

சொல்லிண்டே காமிராவைக் கண்ணுக்குத் தூக்கினான். நான் இருந்த இடத்தை விட்டு நகரலை.

"அது நம்மது இல்லையே அண்ணா," நான் சொன்னேன். "யாரோடதோ, அவர்ட்ட முதல்ல கேட்டுண்டு வா."

அவன் கிளிக் பண்ணலை. கண்ணுல வெச்ச காமிராவைக் கீழே இறக்காம அப்படியே நின்னான். இறக்கினா என் முகத்தைப் பாக்கணுமே.