பாதி திறந்த கண்

"கண்ணு ரெண்டும் திறந்திருக்கா, பாத்துச் சொல்லு."

வேலைக்குக் கிளம்பும்போது என் கணவர் கண்ணாடி முன் நின்று தினமும் கேட்பது. அவருக்குப் பிறவியிலேயே கனத்த இமைகள். எப்போது பார்த்தாலும் அப்போதுதான் படுக்கையிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி இருப்பார்.

"பாதி திறந்திருக்கு."

"போதும். மீதியைப் பாம்பு திறந்து விட்டுடும்."

மருந்து தயாரிப்பதற்காகப் பாம்புகளிடமிருந்து விஷம் எடுக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. அங்கே அவரைத் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று கட்டுவிரியன்களின் முறை. ஒன்றைப் பெட்டிக்குள் திரும்ப விடும்போது விரலில் சுருக்கென்றிருக்கிறது. பாம்பைத் தூக்கும் கொக்கியின் முனை என்று நினைத்துவிட்டார். வீக்கமில்லை, வலியில்லை. கட்டுவிரியன் கடி அப்படித்தான் இருக்கும் என்று அந்தக் கூடத்தில் யாருக்குத் தெரியாது? கொஞ்ச நேரத்தில் வயிறு வலிக்கிறது என்றாராம். "வீட்டுச் சாப்பாடா?" என்று சிரித்திருக்கிறார்கள். அடுத்து இமைகள் இறங்கின. வேறு யாருக்கு இறங்கியிருந்தாலும் அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவரிடம், "என்ன தூங்குமூஞ்சி, மத்தியானமே ஆரம்பிச்சாச்சா?" என்றார்கள். பதில் சொல்ல வாயெடுத்தவருக்கு நாக்குக் குழறிய பிறகுதான் கடி என்று எல்லாருக்கும் புரிந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மூச்சை மெஷின் பார்த்துக்கொண்டது.

"நரம்பைப் பிடிச்ச விஷத்தை மருந்தால எடுக்க முடியாதும்மா. அதுவா விடற வரைக்கும் பொறுக்கணும்," என்றார் டாக்டர். "ஆனா அவருக்குக் காது கேக்கும். பேசுங்க."

பேசினேன். பக்கத்து வீட்டு அண்ணன் வாங்கிப்போன ஏணியை ஒருவழியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். "உங்க ஆளுங்க எல்லாம் வெளிய நிக்கிறாங்க. ஒருத்தர்கூட உங்களைத் தூங்குமூஞ்சின்னு சொல்லல. கேக்கவே நல்லால்ல," என்றேன்.

நர்ஸ் வந்து விரலால் அவர் இமையைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே இருந்து இவர் என்னையே பார்த்தார். நர்ஸ் கையை எடுத்ததும் இமை மூடிக்கொண்டது.

"இன்னொரு தடவை, சிஸ்டர்."

தூக்கினார். முகம் சுளிக்காமல், கேட்ட போதெல்லாம் தூக்கினார்.

சில நாளில் கட்டைவிரல் அசைந்தது. என் உள்ளங்கையில் அது அழுத்தியதை நான் கற்பனை செய்யவில்லை. அதற்குள் நுரையீரலில் கிருமி தொற்றிவிட்டது. அதைத் தாங்க அவர் உடம்பில் தெம்பில்லை.

இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் வாசற்படி இறங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் அவர் போட்ட சட்டம். இப்போதும் இறங்குவதில்லை. டார்ச் மாட்டும் ஆணியை அவர் தன் உயரத்துக்கு அடித்திருந்தார். நான் எக்கித்தான் எடுக்கிறேன்.