அரைநீலக் கட்டம்

திருப்பதிக் கல்யாண மண்டபத்தில் பிரேமலதா மடியில் விரித்திருந்த துணியால்தான் முதல் சண்டை வந்தது.

"என்னம்மா அது? மடியில ஒரு போர்டு வச்சிக்கிட்டு ஆடுறியா?" என்றார் நாகபூஷணம். மாவட்டச் செஸ் சங்கத்துச் செயலாளர். கழுத்தில் அடையாள அட்டையும் அதோடு ஒரு விசிலும் தொங்கின. செஸ் போட்டியில் விசிலுக்கு என்ன வேலை என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

"போர்டு இல்ல சார். லுங்கித் துணி. கை தொடைக்க."

"கட்டம் கட்டமா இருக்குதே."

"லுங்கின்னா கட்டம் கட்டமாத்தான் சார் இருக்கும்."

பக்கத்து மேஜைகளில் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு தன் பக்கம் விழாததை நாகபூஷணம் ரசிக்கவில்லை. "தீசெய், தீசெய். எடுத்துப் பையில வை," என்று கையை ஆட்டினார்.

பிரேமலதா துணியை நான்காக மடித்தாள். அவசரப்படாமல் மடித்தாள். "வச்சிட்டேன் சார். தலைக்குள்ள இருக்கறத எங்க எடுத்து வைக்கறதுன்னும் சொல்லிடுங்க," என்றாள்.

நியாயமாகச் சொல்வதென்றால் அந்த மனிதரின் சந்தேகத்தில் கால்பங்கு உண்மை இருந்தது. அந்தத் துணிதான் அவள் செஸ் கற்ற பலகை. ஆனால் மடியில் துணி இருந்தால் ஆட்டத்தை ஜெயித்துவிடலாம் என்றால், அவள் ஊரான நகரியில் பாதிப் பேர் இந்நேரம் சாம்பியனாகியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊர் அது. அங்கே தணிகாசலத்தின் பவர்லூம் செட்டில் அவள் தார் சுற்றுகிறவள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் குச்சியில் நூல் ஏற்றுவதுதான் அந்த வேலை. பவர் ஹாலிடே விட்ட வருஷம் அது. வாரத்தில் மூன்று நாள் கரண்ட் கிடையாது என்று அரசாங்கமே சொல்லி நிறுத்திவிட்டது. பேர் மட்டும் ஹாலிடே. ஆண்கள் பாதிப்பேர் வண்டியேறிவிட்டார்கள். அவள் புருஷன் பாபு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். தறி ரிப்பேர் பார்த்த கிரண்குமார் பெங்களூருக்குப் போனான். போகும்போது செட்டின் அலமாரியில் ஒரு டப்பா செஸ் காய்களை விட்டுப் போனான். காகித போர்டு எண்ணெய் குடித்து என்றைக்கோ கிழிந்திருந்தது.

தறி நின்ற நாட்களில் கை சும்மா இருக்குமா? பிரேமலதாவும் தறி ஓட்டுகிற ஜெயம்மாவும் வேஸ்ட்டில் கிடந்த பெரிய கட்ட லுங்கித் துணியில் எட்டுக்கு எட்டு அளந்து வெட்டினார்கள். ஆட்ட விதிகளைச் செல்போனில் கிரண்குமாரிடமே கேட்டுக்கொண்டார்கள். "போர்டு ரெண்டு கலர்ல இருக்கணும்" என்பதை மட்டும் அவன் சொல்ல மறந்துவிட்டான்.

நெய்த கட்டத்தில் இரண்டு நிறம் வராது, மூன்று வரும். நீளவாட்டு நூலான பாவும் நீலம், குறுக்கு நூலான ஊடையும் நீலம் என்றால் அந்த இடம் முழு நீலம். இரண்டும் வெள்ளை என்றால் வெள்ளை. ஒன்று நீலம் ஒன்று வெள்ளை என்றால் அரைநீலம். இதில் ஒரு விசேஷம் உண்டு. குறுக்கே போகிற இரண்டு பிஷப்புகளில் ஒன்று முழு நீலம், வெள்ளை, முழு நீலம், வெள்ளை என்று மாறி மாறித் தாவிக்கொண்டிருக்கும். மற்றொன்று வாழ்நாள் பூராவும் அரைநீலத்திலேயே போகும், வரும். நிறம் மாறாத ஒரே பாதை அந்த அரைநீலம்தான். பிரேமலதாவின் கண் அந்தப் பாதையில்தான் பழகியது. எதிராளி அங்கே எந்தக் கட்டத்தைக் காவல் இல்லாமல் விட்டாலும், தார் சுற்றும்போது அறுந்த நூல் தெரிகிற மாதிரி அவளுக்குத் தெரிந்துவிடும். ஜெயம்மா அந்தக் கட்டங்களில் தோற்றுத் தோற்று, கடைசியில் துணியைத் திருப்பிப் போட்டு ஆடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள்.

டீக்கடைப் பேப்பரில் மாவட்டப் பெண்கள் போட்டி என்று பார்த்துவந்து சொன்னவளும் ஜெயம்மாதான். முதல் இடம் வருகிறவர் விசாகப்பட்டினத்தில் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

"அதுல இன்னா வருது ஒனக்கு?" என்று கேட்டார் தணிகாசலம். திருப்பூரிலிருந்து பாபுவும் போனில் அதையேதான் கேட்டான். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இந்த ஒரு கேள்விதான் வாயில் வந்தது. எதைப் படித்தாலும் எங்கே போனாலும், அதனால் என்ன பிரயோஜனம்? பிரேமலதா பதில் தேடவில்லை. அவளுக்குப் போகவேண்டும். ஆடவேண்டும். முப்பத்தொரு வயதில் முதல் தடவையாக ஒன்று கைக்கு வந்திருக்கிறது, அது அவளுக்கு வேண்டும். அதற்குமேல் ஒரு காரணம் எதற்கு என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. சனிக்கிழமை விடிகாலை ரயில் ஏறிவிட்டாள்.

முதல் ஆட்டத்தில் மண்ணைக் கவ்வினாள். உண்மையான செஸ் பலகையை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை. எந்தப் பாதையைப் பார்த்தாலும் ஒரே நிறமாக ஓடியது. கண் குழம்பி ஒரு யானையைச் சும்மா தூக்கிக் கொடுத்தாள். மத்தியானம் புளிச்சோறு தின்றுகொண்டே மடியில் துணியை விரித்து வெகுநேரம் பார்த்தாள். கருப்புக் கட்டம்தான் அரைநீலம். அவ்வளவுதான் விஷயம். அதற்குப்பிறகு நான்கு ஆட்டம், நான்கும் ஜெயம்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டத்துக்கு ஷோபா எதிரில் வந்தாள். திருப்பதிப் பெண், எஞ்சினியரிங் கடைசி வருஷம், லேப்டாப் வைத்துப் பயிற்சி. அவளுக்கு நாலரைப் புள்ளி, பிரேமலதாவுக்கு நாலு. டிரா ஆனாலே ஷோபாதான் விசாகப்பட்டினம் போவாள். பிரேமலதா ஜெயித்தே ஆகவேண்டும்.

ஆட்டத்துக்கு முன்னால் நாகபூஷணம் அவளைத் தண்ணீர் கேன் பக்கம் கூப்பிட்டார்.

"சூடம்மா, இங்க பாரு, நல்லதுக்குச் சொல்றேன். அந்தப் பொண்ணு அமெரிக்கா போகுது. ஸ்டேட் சர்டிபிகேட் இருந்தா அப்ளிகேஷனுக்கு உபயோகம். நீ வேலைக்குப் போறவ. நாலு நாள் லீவு தருவாங்களா? விசாகப்பட்டினம்னா பக்கமா? துணைக்கு யாரு வருவாங்க? பேசாம டிரா பண்ணிக்க. ரன்னர் ஷீல்டு உனக்கு."

"அது ஆடிட்டுப் பாக்கலாம் சார்."

"என்னவோ, அரவோள்ளு எல்லாம் இங்க வந்து..." என்று தெலுங்கில் முனகினார். தமிழ்க்காரர்களைச் சொல்கிற சொல் அது. மாமியார் மூக்கைச் சுளித்துச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

பிரேமலதா போக இருந்தவள் நின்றாள். "திருத்தணிக்குப் போனா என்னத் தெலுங்குக்காரின்னு சொல்றாங்க. இங்க வந்தா அரவம்ன்றீங்க. என் ஓட்டர் கார்டுல சித்தூர் ஜில்லான்னு போட்டுக்கீது. நேத்து நீங்கதான் ஜெராக்ஸ் வாங்கினு உள்ள வுட்டீங்க." தமிழில் சொன்னதைத் தெலுங்கிலும் ஒருமுறை சொன்னாள், அவருக்குப் புரியாமல் போய்விடக்கூடாதென்று. பிறகு போய் உட்கார்ந்தாள்.

வெள்ளைக் காய் அவளுக்கு. ஷோபா மளமளவென்று ஆடினாள். எல்லாம் ஏற்கெனவே பார்த்து வைத்த ஆட்டம்போல இருந்தது. பதினைந்தாவது நகர்த்தலில் அந்தப் பெண் ஒரு குதிரையை வெட்டினாள். வெட்டக் கொடுத்தது கருப்புக் கட்டத்தில் ஓடுகிற பிஷப்பை. குதிரையும் பிஷப்பும் சமம்தானே, கணக்கில் நஷ்டம் ஒன்றுமில்லை. அதோடு, கோட்டை கட்டியிருந்த ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாய்களை ஒவ்வொன்றாக வெள்ளைக் கட்டத்தில் நிறுத்திக்கொண்டாள். பார்க்க அழகாக, வரிசையாக இருந்தது.

பிரேமலதா பலகைமேல் குனிந்தாள். அந்தச் சிப்பாய்கள் எல்லாம் வெள்ளையில். மிச்சமிருக்கும் பிஷப்பும் வெள்ளையில் மட்டுமே ஓடுவது. கருப்பு ராஜாவைச் சுற்றியிருந்த கருப்புக் கட்டங்களைக் காக்க ஒரு நாதி இல்லை. பலகை மறைந்து அவள் கண்ணில் துணி விரிந்தது. அரைநீலப் பாதை தன் மூலையிலிருந்து எதிர் ராஜாவின் வாசல்வரை காலியாகக் கிடந்தது.

முதலில் ராணியைக் கொண்டுபோய் அந்தச் சிப்பாய்களுக்கு நடுவில் ஒரு கருப்புக் கட்டத்தில் உட்கார வைத்தாள். அங்கிருந்து அவளைக் கிளப்ப எந்தச் சிப்பாயாலும் முடியாது. யானைகள் இரண்டையும் நடுப்பாதையில் நிறுத்தினாள். ஷோபாவின் ராணியும் யானைகளும் அவற்றைப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் கட்டுண்டு கிடந்தன. யாரும் அசைய முடியாத நிலை. ஆனால் ராணி மட்டும் தனியாக மேட் அடிக்க முடியாது. பக்கத்தில் தோள் கொடுக்க இன்னொரு காய் வேண்டும். அவளுடைய பிஷப்புகளும் குதிரைகளும் அதற்குள் வெட்டுப்பட்டுப் போயிருந்தன.

"டிரா?" என்று கையை நீட்டினாள் ஷோபா. பின்னால் நாகபூஷணம் இருமினார். சளி இருமல் இல்லை அது.

நீட்டிய கையைப் பார்த்தாள் பிரேமலதா. இதைப் பிடித்தால் ஷீல்டு கிடைக்கும். திங்கட்கிழமை செட்டில் தணிகாசலமும் ஒன்றும் சொல்லமாட்டார். எல்லோருக்கும் நல்ல பெண்ணாகிவிடலாம்.

"வேணாம்," என்றாள்.

பிறகு தன் ராஜாவை எடுத்து ஓர் அடி முன்னால் வைத்தாள்.

யாருக்கும் புரியவில்லை. ஷோபா தன் பிஷப்பை அங்குமிங்கும் நகர்த்திக் காத்திருந்தாள். பிரேமலதா ராஜாவை இன்னோர் அடி வைத்தாள். இன்னோர் அடி. மூன்றும் குறுக்காக, மூன்றும் கருப்புக் கட்டத்தில். இரண்டு பக்கமும் ராணிகளும் யானைகளும் இருக்கும்போது ராஜாவைக் கோட்டையை விட்டு வெளியே விடுகிறவர்கள் உண்டா? ஆட்டம் முடிந்த பெண்கள் எழுந்துவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"ராஜாவுக்கு ஊர்வலம் விடுது," என்று நாகபூஷணம் சிரித்தார். இந்த முறை கூட்டமும் அவரோடு சேர்ந்து சிரித்தது. பிரேமலதாவின் காது சுட்டது. சிரிங்க, என்று நினைத்தாள். நல்லாச் சிரிங்க. இன்னும் ரெண்டே அடி.

நான்காவது அடியில் ராஜா நடுக்கோட்டைத் தாண்டி ஷோபாவின் வீட்டுக்குள் நுழைந்தது. ஷோபாவின் பிஷப் பக்கத்துக் கட்டத்திலேயே போய் நின்றது, ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரே தெருவில் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப்போல அது வெள்ளையில் போனது, ராஜா கருப்பில் நடந்தது. அப்போதுதான் ஷோபாவின் முகம் மாறியது. லேப்டாப்பில் படித்ததையெல்லாம் ஒருதரம் புரட்டிப் பார்க்கிற மாதிரி பலகையையே வெறித்தாள். பத்து நிமிஷம் போனது. மின்விசிறி கடகடத்தது. சிப்பாயைத் தள்ளினால் ராணி தின்றுவிடும். ராஜாவை நகர்த்தினாலும் அடி. யானையைக் கூப்பிட்டால் நடுப்பாதை திறந்துவிடும். வேறு வழியில்லாமல் ஓரத்துச் சிப்பாய் ஒன்றை நகர்த்தினாள்.

பிரேமலதா ஐந்தாவது அடியை வைத்தாள். ராஜா போய் ராணிக்குத் துணையாக நின்றது. அடுத்த நகர்த்தலில் மேட். சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஷோபா தன் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டுக் கை கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது. "எப்படிக்கா தோணுச்சு? கம்ப்யூட்டருக்குக்கூட இந்த மாதிரி வராது," என்றாள்.

"நீ அந்தப் பிஷப்ப வுட்டுட்ட இல்ல, அதான் தங்கச்சி. அப்பவே ரோடு தொறந்துடுச்சி." அந்தப் பெண்மேல் பிரேமலதாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பையிலிருந்து துணியை எடுத்து முகத்தைத் துடைத்தாள். சந்தோஷத்தில் அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது, நாகபூஷணத்துக்கு முன்னால் அழ அவளுக்கு இஷ்டமில்லை.

ஒருமணி நேரம் கழித்து ஆபீஸ் மேஜைக்குக் கூப்பிட்டார் அவர். மேஜையில் ஒரு வெள்ளைக் காகிதம், அதன்மேல் மூடி கழற்றிய பேனா. குரல் வெல்லமாகியிருந்தது.

"ஜெயிச்சிட்ட, சந்தோஷம். கப்பு உன்னுதுதான். இப்ப ஒரே ஒரு லெட்டர். சொந்தக் காரணத்தால விசாகப்பட்டினம் போக இஷ்டமில்லன்னு ரெண்டு வரி. அடுத்த இடத்துல இருக்குறவங்கள அனுப்பிடுவோம். உனக்கு அதுல என்னம்மா பிரயோஜனம்?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அதான சொல்றேன்."

"பிரயோஜனம் இல்ல. இருந்தாலும் போறேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கடைசிச் சிப்பாயையும் தள்ளிப் பார்த்தார். "ரெண்டு ரயில் மாறணும். தெரியாத ஊரு. புருஷனும் திருப்பூர்ல. தோடுக்கு, அதான் துணைக்கு, ஆள் வேணாமா? துணையில்லாம ஒரு பொம்பள எப்படிப் போவே?"

பிரேமலதா பேனாவை எடுத்தாள். வெள்ளைக் காகிதத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு, கையை நீட்டினாள்.

"விசாகப்பட்டினம் அப்ளிகேஷன் பாரத்தக் குடுங்க சார். பின்னாடியே நின்னு பாத்துக்கினுதான இருந்தீங்க? அந்த ராஜா யார் துணையோட போனாரு?"