ரைஹானாவுக்கு வெந்நீர்

ஷாகிதா ட்ரில்லிங் மெஷினைக் குளியலறைச் சுவரில் வைத்து அழுத்தினாள். செங்கல் தூள் முகத்தில் அடித்தது. மெஷின் நிற்கிற ஒவ்வொரு தடவையும் முன்னறைக் கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இன்னும் எத்தினி ஓட்டைடீ?"

"ரெண்டும்மா. சத்தம் தலய வலிக்குதா?"

"வலிச்சா வலிக்கட்டும். நீ போடு."

அம்மா ரைஹானாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து இரண்டு நாளாகிறது. இதயம் தளர்ந்துவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் கேட்டது ஒன்றுதான். தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். அதுவும் மகள் ஊர் வீடுகளுக்கெல்லாம் மாட்டிவிட்டு வருகிற அந்த ஹீட்டர் தண்ணீரில்.

அம்பத்தூரில் ஐ.டி.ஐ. படித்த ஷாகிதா எட்டு வருஷமாக இதைத்தான் செய்கிறாள். டேங்க் கிடையாது, காத்திருக்க வேண்டாம், குழாயைத் திறந்ததும் தண்ணீரைச் சூடாக்கித் தரும் சின்னப் பெட்டி. பருத்திப்பட்டு அடுக்குமாடிகளில் அவள் ஏறி இறங்காத தளம் இல்லை. கரையான்சாவடியில் சொந்த வீட்டுக்கு மட்டும் மாட்டவில்லை. பழைய வீடு, ஒயர் தாங்காது, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. நேற்றுதான் மெயின் பாக்ஸிலிருந்து தடிமனான தனி ஒயர் இழுத்து, எர்த்தையும் சரிபார்த்து வைத்தாள்.

அண்ணன் ஃபயாஸ் வாசற்படியில் வந்து நின்றான். பூந்தமல்லியில் செருப்புக்கடை வைத்திருப்பவன். தங்கச்சி என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "ஒரு கம்பெனியில கீது" என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

"அடுப்புல ஒரு குண்டான் தண்ணி வெச்சா முடிஞ்சிது. இப்போ எதுக்கு இத்தினி வேலை?"

அவள் பெட்டியை மாட்டி முடித்துக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் நூலாக இறங்கியது. பெட்டியில் விளக்கு எரியவில்லை. தண்ணீர் வேகமாக ஓடினால்தான் அது சூடேறும்.

"நான் சொன்னேன்ல," என்றான் ஃபயாஸ்.

"ஃபயாஸு," என்றாள் அம்மா உள்ளிருந்து. மூச்சு வாங்கிக்கொண்டு பிறகு சொன்னாள்: "அவளுக்கு ஏணியப் புடி."

மொட்டைமாடியில் டேங்கிலிருந்து இறங்கும் இரும்புக் குழாயை ஷாகிதா அறுத்து எடுத்தாள். உள்ளே துரு கட்டி, பென்சில்கூட நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. ஃபயாஸ் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். அவள் டேங்கை ஒட்டிக் குப்புறப் படுத்துக்கொண்டு அகலமான பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினாள். பசை காய வேண்டும். வெயிலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லா ஊட்லயும் இப்டிதான் மேல ஏறுவியா?"

"ஏறாம?"

ஃபயாஸ் எழுந்தான். கீழே போய்ச் சொம்பில் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தான்.

அடுத்த தடவை திறந்தபோது விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டுக் குல்ஷன் அக்காவும் ஷாகிதாவுமாக ரைஹானாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் முதலில் உள்ளங்கையைத்தான் நீட்டினாள். தண்ணீர் கையில் விழுந்து வழிய, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூடு போதுமாம்மா?"

"போதும் போதும். பாத்தியா குல்ஷன்? அடுப்பு இல்ல, பொகை இல்ல. எம்மவ ஒண்டியா போட்டது. ஒரு ஆம்பள கை வெக்கல."

"ஏணி யாரு புடிச்சாங்களாம்?" என்றான் ஃபயாஸ், கதவுக்கு வெளியே. ரைஹானா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது.

இரண்டு கரண்டி கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தாள். ஷாகிதா ஈர முடியை விரலால் கோதிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். மதியத் தொழுகைக்கான ளுஹர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்த மூச்சு வரவில்லை. ஷாகிதா காத்திருந்தாள். பிறகு பாதியில் நின்ற சிக்கை எடுத்து முடித்தாள்.

மூன்று மணிக்குள் தெரு நிறைந்துவிட்டது. மய்யித்தைக் குளிப்பாட்ட வந்த மைமூன்பீக்கு வயது எழுபதுக்கு மேல். வாசலிலேயே நின்று கேட்டாள்.

"அண்டா எங்க? வெறகு போட்டாச்சா?"

நாற்காலியில் இருந்த ஃபயாஸ் எழுந்தான்.

"சுட வெக்க வேணாம்மா. கொழாய்லயே வருது."

"யார வுட்டுப் போட்டே, ஃபயாஸு?" என்று ஜமாத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்.

"ஷாகிதா போட்டா." பிறகு தெருமுனை வரை கேட்கிற மாதிரி சொன்னான்: "அவ வேலையே அதான். எட்டு வருசமா பண்ணிகினு கீறா."

திரைக்குப் பின்னால் ஷாகிதா அதைக் கேட்டாள். குனிந்து, குளியலறைக் குழாயில் ரப்பர் டியூபை மாட்டிப் பின்கட்டுக்கு இழுத்தாள். மைமூன்பீ சொல்லச் சொல்ல, வலது பக்கம் முதலில், பிறகு இடது பக்கம் என்று தண்ணீர் விட்டாள். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைத்தார்கள்.

மாலை மஃரிப் தொழுகைக்கு முன்னால், மய்யித்தைச் சுமந்த சந்தூக்கு கிளம்பியது. ஆண்கள் எல்லோரும் போனபின் தெரு வெறிச்சென்று ஆனது.

மைமூன்பீ புறப்படுமுன் கால் கழுவக் குளியலறைக்குள் போனாள். ஷாகிதா குழாயைத் திறந்துவிட்டாள். வெடித்த பாதங்களில் வெந்நீர் விழுந்தது. கிழவி சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். கால் எப்போதோ சுத்தமாகிவிட்டது. ஷாகிதா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, குழாயை மூடாமல் நின்றிருந்தாள்.